வடசென்னையில் வாழும் வரலாறு

வரலாற்றுச் சுற்றுலா என்றவுடன் மாமல்லபுரம், தஞ்சை, செஞ்சி எனத் தொலைவிடங்களையே நாம் எண்ணுகிறோம். வடசென்னையோ துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதியாக மட்டுமே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும், ஒரே நாளில் கண்டு திரும்பத்தக்க மூன்று வரலாற்றுச் சின்னங்கள் இங்கு உள்ளன.

முதலாவது, இராயபுரம் இரயில் நிலையம். 1856ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இதனைத் திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் இங்கிருந்து புறப்பட்டு, அந்நாளில் ஆர்க்காடு எனக் குறிக்கப்பட்ட வாலாஜா ரோடு வரை சென்றது. வாலாஜா என்பது ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் பட்டப்பெயர் என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் நன்று. 1873இல் சென்ட்ரல் நிலையம் தோன்றும்வரை இராயபுரமே இந்நகரின் இரயில் வாயிலாக விளங்கியது. பம்பாயிலும் ஹௌராவிலும் இதற்கு முன்னரே இரயில்கள் ஓடின. ஆனால் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. எனவே, இந்தியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் இதுவே. சிதைவுற்றுக் கிடந்த இக்கட்டடம் 2005இல் சீரமைக்கப்பட்டது.

இரண்டாவது, பழைய வண்ணாரப்பேட்டையின் மாடிப் பூங்கா. 1758-59இல் பிரெஞ்சுப் படையினர் சென்னையை முற்றுகையிட்டனர். அதன்பின் நகரைக் காக்க எழுப்பிய நெடுமதிலின் எச்சமே இது. மதிற்செலவுக்கென விதிக்கக் கருதி, வசூலிக்கப்படாமலே போன வரியின் பெயரை வால்டாக்ஸ் சாலை இன்றும் சுமந்து நிற்கிறது.

மூன்றாவது, திருவொற்றியூர்க் கோயில். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இதன் தூங்கானை மாட விமானத்தைக் கருங்கல்லால் அமைத்த சிற்பி, இரவி என்னும் வீரசோழத் தச்சன் எனக் கல்வெட்டு கூறுகிறது. மன்னனோடு உழைத்தவன் பெயரும் நிலைபெற்றமை போற்றத்தக்கது. இலக்கணம் பயிற்றிய மண்டபம் ஒன்று இங்கிருந்ததையும் கல்வெட்டுகளால் அறிகிறோம்.

மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இரயில் நிலையமோ அரிதின் தப்பியது. மக்கள் மதிப்பறியாத சின்னம் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆதலால் மாணவர்கள் முன்னரே படித்துவிட்டு, குறிப்பேட்டுடன் செல்ல வேண்டும். சுவர்களில் பெயர் கிறுக்குவதைத் தவிர்க்க வேண்டும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த முதியோரின் நினைவுகளையும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். வீரசோழத் தச்சனின் பெயரைக் கல் காத்தது. இவர்களின் பெயர்களைக் காக்க வேண்டியவர்கள் நாமே.