டெல்டாவின் வெள்ளைத் திட்டுகள்: செயற்கைக்கோள் படத்தில் காரணத்தைத் தேடுவது எப்படி?

தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகப் போக நிலம் தாழ்ந்துகொண்டே போகும். வேதாரண்யம் பக்கத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும். எல்லாமே உப்பால் கெட்ட வயலா? இல்லை. உப்பு பூத்த மண் ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும்; காய்ந்த கடற்கரை மணலும் அப்படித்தான், உப்பளமும் அப்படித்தான். ஒரே ஒரு படத்தை வைத்துக் காரணம் சொன்னால் அது ஜோசியம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நிறத்தைவிடக் காலம்தான் உதவும். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம்; 30 மீட்டர் நுணுக்கத்தில் 1980கள் வரை பின்னோக்கிப் போகலாம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்திலிருந்து வரும் பசுமைக் குறியீட்டை (என்டிவிஐ) வருஷா வருஷம் கோடாகப் போட்டுப் பாருங்கள். சம்பா வயல் என்றால் மழைக்காலத்தில் ஏறி, அறுவடைக்குப் பிறகு இறங்கும்.

இனி அந்தக் கோடு எப்படி உடைகிறது என்று பார்க்கணும்.

2004 டிசம்பர் 26-ஐ ஒட்டிச் சட்டென விழுந்து, பிறகு மழை உப்பைக் கழுவக் கழுவ மேலே வந்தால், சுனாமி. 2018 நவம்பர் 16-க்குப் பிறகு விழுந்து பல வருஷம் எழாமல் கிடந்தால், கஜா புயலில் சாய்ந்த தென்னந்தோப்பாக இருக்கலாம். அங்கே மண் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. உடைவே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால், நிலத்தடியில் உப்புநீர் ஏறுதா என்று சந்தேகப்படலாம். நேர்கோட்டு ஓரங்களோடு சதுரம் சதுரமாகத் தண்ணீர் நின்றால் அது இறால் பண்ணை. இயற்கையின் கணக்கில் எழுதக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைக்குமே? அதற்கு சென்டினல்-1 ரேடார். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அலையில்லாமல் தேங்கிய நீர் அதில் கறுப்பாகத் தெரியும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? காரணம் மாறினால் வைத்தியமும் மாறும். உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் வேணும்; களர் நிலத்துக்கு ஜிப்சம். இந்த இரண்டையும் மேலிருந்து பிரிப்பது கஷ்டம். மண்ணை எடுத்து மின்கடத்துத்திறனும் பி.எச். அளவும் பார்த்தால்தான் தெரியும். எந்த வயலில் மண் எடுக்கணும் என்பதைப் படம் சொல்லும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கடல் உள்ளே வருவது இயற்கைதான். ஆனால் எதிர்ப்பக்கமிருந்து அதைத் தள்ள ஆற்றில் நல்ல தண்ணீர் வரணும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருஷங்களையும் அதே கோட்டில் குறித்துப் பாருங்கள்; ‘இயற்கைக் காரணம்’ என்று எழுதும் முன் கை கொஞ்சம் தயங்கும்.