அடி அண்ணாமலையில் ஆர்க்கிட் பூக்குமா?

சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த செடி அது. நாலைந்து அகன்ற இலைகள், வளைந்த ஒற்றைத் தண்டு, அதில் வரிசையாக ஒன்பது வெள்ளைப் பூக்கள். பெயர் ஃபெலனாப்சிஸ் என்று அட்டையில் எழுதியிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் அந்தப் பூக்கள் வாடவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்த்தார்கள். பிறகு பூ உதிர்ந்தது. மூன்று வருஷம் இலை மட்டும் விட்டது. நாலாவது சித்திரையில் அதையும் நிறுத்திக்கொண்டது.

பூக்காத ஆர்க்கிட்டுக்கு ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியம் உரம்தான். நானும் போட்டுப் பார்த்தேன், இலை இன்னும் கறுத்ததுதான் மிச்சம். செடிக்குப் பசி இல்லை. பூக்கும் காலம் வந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஃபெலனாப்சிஸுக்கு அதைச் சொல்வது குளிர்ச்சி. சுற்றிலும் வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் நிலைத்தால்தான் இலையடியிலிருந்து பூந்தண்டு கிளம்பும். இரவு குளிர்ந்தால் போதும் என்றே தோட்டக்காரர்கள் வெகுகாலம் நம்பிவந்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ பிளான்சர்டும் எரிக் ரங்கிலும் இதைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பகலில் 29 டிகிரி, இரவில் 17 டிகிரி என்று வைத்த செடிகளில் இருபது வாரம் கழித்தும் ஒரு தண்டுகூட வரவில்லை. இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் பகல் சூடு அதை அழித்துவிடுகிறது.

நம் ஊரில் பகல் கொஞ்சம் அடங்குவது எப்போது? கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி, தை வரைக்கும். அந்த நாட்களிலும் வெயில் ஏறினால் 28, 29ஐத் தொட்டுவிடும். பெங்களூரிலும் ஏற்காட்டிலும் வருஷந்தோறும் தண்டு விடுகிற செடி இங்கே சும்மா நிற்பதன் ரகசியம் இதுதான். மார்கழியில் வடக்குப் பக்க ஜன்னலோரம், ஓடு வேய்ந்த தாழ்வாரம் என்று வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைத்தால் அதிர்ஷ்டம் இருந்தால் பூக்கலாம். என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு அது விருந்தாளி. வந்த பூவைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட வேண்டியதுதான்.

வெயில் ஊருக்கென்றே ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. வாண்டா டெஸெலேட்டா. மா, புளி போன்ற மரங்களின் பட்டையைப் பற்றிக்கொண்டு நம் சமவெளியிலேயே காய்ந்தும் தழைத்தும் வாழ்வது. வில்லியம் ராக்ஸ்பரோ கோரமண்டல் கரைத் தாவரங்களைப் பற்றிய தன் நூலில் 1795இலேயே இதைப் படத்தோடு பதிவு செய்துவிட்டார். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்பு நிறத்தில் வலை பின்னியது போன்ற கோடுகள், நடுவே ஊதா உதடு, நல்ல வாசனை. கடையில் விற்கும் தாய்லாந்துக் கலப்பினங்களின் பகட்டு இதில் கிடையாது.

‘வாண்டா’ என்பது ‘வந்தா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மரத்தில் ஒட்டி உறிஞ்சும் செடிக்கு அந்தப் பெயர். பெயரே தப்பு. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றைக் குடிக்கும். வாண்டா பட்டையைப் பிடித்துக்கொள்கிறதே தவிர மரத்திடம் ஒரு சொட்டும் கேட்பதில்லை. இது தெரியாமல் பிடுங்கி எறிகிறவர்கள் இன்றும் உண்டு.

அதன் வேரைக் கவனித்தால் வளர்ப்பு முறை பாதி புரிந்துவிடும். வேரைச் சுற்றி வெலமென் என்ற உறை இருக்கிறது, இறந்துபோன செல்களால் ஆன பஞ்சு. மழை பட்ட சில நொடிகளில் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். நனைந்தால் உள்ளேயிருக்கும் பச்சையம் தெரிந்து வேரே பச்சையாகிவிடும். அதாவது எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று செடியே நிறம் மாறிச் சொல்கிறது. இலையின் வேலையும் விசித்திரம். கள்ளியையும் அன்னாசியையும் போல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துவைக்கிறது. கத்திரி வெயிலில் தாக்குப்பிடிப்பது இப்படித்தான்.

ஆகவே மண் கூடாது. அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போட்ட மரக்கூடை போதும். வேர் வெளியே தொங்கினால் தொங்கட்டும், வெட்டவேண்டாம். காலையில் வேர் பச்சையாகும்வரை நனைக்கவேண்டும், சித்திரை வைகாசியில் சாயங்காலமும் ஒரு தரம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேரில் வெள்ளைப் படலம் கட்டி நுனி கருகும். மழைத்தண்ணீரைப் பிடித்துவைப்பதே நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சிலர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

வாண்டாவைப் பூக்கச் சொல்வது வெளிச்சம். சிங்கப்பூரின் தேசிய மலரே இதற்குச் சாட்சி. வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற அந்தக் கலப்பினம், அக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்திலிருந்து 1893இல் உலகுக்கு அறிமுகமானது. 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. தாங்கி நிற்கும் குச்சியைத் தாண்டித் தண்டின் நுனி முழு வெயிலுக்கு வந்த பிறகே அது மொட்டு வைக்கும்.

நம் வீட்டு வாண்டாவுக்கு அத்தனை வெயில் வேண்டாம். காலை வெயில் நேராகவும் நண்பகல் வெயில் வேப்பமர நிழலிலோ ஐம்பது சதவீதப் பச்சை வலையின் கீழோ வடிகட்டியும் கிடைத்தால் சரி. அளவுகோல் இலைதான். கரும்பச்சையாக இருந்தால் இருட்டில் இருக்கிறது என்று அர்த்தம், பார்க்கச் செழிப்பாகத் தெரியும், பூக்காது. இளம் வாழையிலை மாதிரி மஞ்சளோடிய பச்சை இருந்தால் போதிய வெளிச்சம். சிவப்போடினால் அதிகம். உரம் அதற்குப் பிறகுதான். 20:20:20 கலவை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மிகாமல், வாரம் ஒருமுறை.

வீட்டில் மா மரம் இருந்தால் இன்னும் சுலபம். ஆடி ஆவணியில் மழை தொடங்கும்போது அடிமரத்தின் கிழக்குப் பக்கம் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். புது வேர் பட்டையைப் பிடித்ததும் கயிறு தானே மக்கிவிடும். கிரிவலப் பாதைக் குரங்குகளுக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. மொட்டு வந்தால் முதலில் பார்ப்பது அவைதான்.

செடியை எங்கே வாங்குவது என்பது கடைசிக் கேள்வி. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது, உள்ளே உணவு கிடையாது. காட்டில் குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். நொயேல் பெர்னார் 1899இல் கண்டது அது. லூயிஸ் நட்சன் 1922இல் சர்க்கரை கலந்த ஜெல்லியில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார். இன்று ஆய்வகக் குடுவையிலிருந்து ஆயிரக்கணக்கில் செடி வர அதுவே வழி திறந்தது. ஆனால் மலையில் ஒரு செடி பூக்கும் வயதுக்கு வர இப்போதும் பல வருஷம் ஆகிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அண்ணாமலையிலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ பிடுங்கிக் கொண்டுவந்து யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். நர்சரியில் திசு வளர்ப்புச் செடியா என்று கேட்டு வாங்குங்கள்.