நாய் வாய் சுத்தமா? மனிதர் வாய் சுத்தமா? காயத்தை நக்கினாலும் ஊசி போடணும்!

நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஒருவர் விருந்தாளியாகப் போகிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் நாய் ஓடி வந்து அவர் கையை நக்குகிறது. விருந்தாளி முகம் சுளிக்கிறார்.

உடனே வீட்டுக்காரர் சொல்வார்:

"பயப்படாதீங்க சார். நம்ம வாயைவிட நாய் வாய்தான் சுத்தம். டாக்டருங்களே சொல்லியிருக்காங்க!"

எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டால் பதில் வராது. ஆனால் மாம்பலம் முதல் மண்ணடி வரை இந்தப் பேச்சு நடமாடுகிறது. டீக்கடை பெஞ்சில் பேசுகிறார்கள். மின்சார ரெயிலில் பேசுகிறார்கள். அமெரிக்காவிலும் இதே பேச்சுதான்!

வெறும் பேச்சோடு போனால் பரவாயில்லை. இந்த நம்பிக்கையோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருவில் விளையாடும் பையன் கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருவான். நாய் வந்து அந்தக் காயத்தை நக்கும். "நக்கட்டும் விடு, புண்ணு சீக்கிரம் ஆறிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வாயும் கிருமிக் கிடங்கு

மனிதர் வாயில் 700-க்கும் மேற்பட்ட கிருமி வகைகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே ஆள் வாயில் அத்தனையும் இருக்காது. ஆனாலும் காலையில் பற்பசை போட்டுத் தேய்த்து, வாய் கொப்பளித்து, பளபளவென்று சிரிக்கிறாரே, அவர் வாயிலும் கோடிக்கணக்கில் கிருமி உண்டு.

நாய் வாய்?

2012-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் நாய்களின் வாயில் இருந்து எடுத்த அழுக்கைச் சோதித்துக் கணக்கு எடுத்தார்கள். 353 வகை கிருமிகள் தேறின. அதில் மனிதர் வாயிலும் இருப்பவை நூற்றுக்கு 16 தான். மற்றவை எல்லாம் நாய்க்கே சொந்தமான சரக்கு!

700 எங்கே, 353 எங்கே, நாய் ஜெயித்துவிட்டதே என்று யாரும் குதிக்க வேண்டாம். மனிதர் வாயில் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தேடியிருக்கிறார்கள். நாய் வாயில் அக்கறையாகத் தேடத் தொடங்கியது சமீபத்தில்தான். தேடத் தேட எண்ணிக்கை கூடும்.

மீன் மார்க்கெட்டையும் பூ மார்க்கெட்டையும் பக்கத்தில் வைத்து "எதில் குப்பை குறைவு?" என்று கேட்பது போலத்தான் இந்தக் கேள்வி. இரண்டிலும் குப்பை. வாடைதான் வேறு.

ஒரு விஷயத்தில் நாய்க்கு அதிர்ஷ்டம் உண்டு. அதன் எச்சில் நம் எச்சிலைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குச் சொத்தைப் பல் வருவது குறைவு. "பார்த்தீங்களா, சுத்தம்!" என்று சொல்வதற்குள் ஈறைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வயதான நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோய். பக்கத்தில் போனாலே மூக்கு சொல்லிவிடும்.

எச்சில் பட்டு முயல் செத்தது!

மனிதர் எச்சில் மட்டும் லேசுப்பட்டதா? அதுதான் இல்லை!

வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது.

1880-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பாரீஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் வெறிநாய்க்கடியால் ஒரு குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் எச்சிலை பாஸ்டர் வாங்கி வந்தார். முயல்களுக்கு ஊசி மூலம் ஏற்றினார். முயல்கள் செத்து விழுந்தன. ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு கிருமி!

வெறிநாய்க்கடிக் கிருமி கிடைத்துவிட்டது என்று வேறு யாராவது இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். பாஸ்டர் அவசரப்படவில்லை. வேறு நோயால் இறந்தவர்களின் எச்சிலைப் பார்த்தார். நல்ல ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களின் எச்சிலையும் பார்த்தார். அதிலும் அதே கிருமி இருந்தது!

அதே சமயத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் என்ற ராணுவ டாக்டர் தன் சொந்த எச்சிலையே முயலுக்கு ஏற்றிப் பார்த்தார். அந்த முயலும் செத்தது. டாக்டரோ கல்லு மாதிரி இருந்தார்!

அந்தக் கிருமிதான் நிமோனியா காய்ச்சலை உண்டாக்கும் நிமோகாக்கஸ். நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் அது சும்மா குடியிருக்கும். இருக்கிற இடத்தில் இருக்கும் வரை தொல்லை இல்லை. இடம் மாறி ரத்தத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நாய் எச்சிலுக்கும் இதே கதைதான். நாய் வாயில் இருக்கும் வரை அது நாயின் சொத்து. மனிதரின் காயத்தில் பட்டால்தான் வினை.

பேச்சு பிறந்த கதை

அப்படியானால் "நாய் வாய் சுத்தம்" என்ற பேச்சுக்கு அடியில் ஒன்றுமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது.

சண்டையில் ஒருவன் மற்றவன் வாயில் குத்துகிறான். குத்தியவன் கை முட்டியில் எதிராளியின் பல் பதிகிறது. சின்னக் காயம்தானே என்று விட்டுவிடுவான். நாலு நாளில் கை வீங்கிச் சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். மனிதப் பல் பட்ட காயம் இப்படிப் புரையோடுவது டாக்டர்களுக்குப் பழைய அனுபவம். "நாய் கடிச்சதைவிட மனுஷன் கடிச்சது மோசம்" என்று அவர்கள் சொன்னதை ஜனங்கள் "நாய் வாய் சுத்தம்" என்று திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, நாய் தன் புண்ணைத் தானே நக்கிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 1990-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்ட், பவல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நாய் எச்சிலைச் சோதித்தார்கள். இரண்டு வகைக் கிருமிகளைக் கொல்லும் சக்தி அதற்கு ஓரளவு இருப்பது தெரிந்தது. சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியிடம் அந்த ஜம்பம் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

மனிதர் எச்சிலிலும் கிருமியைக் கொல்லும் பொருள்கள் உண்டு. அதற்காகப் புண்ணில் யாரும் துப்பிக்கொண்டிருப்பது இல்லை. நாய்க்கே ஆபரேஷன் செய்தால் மிருக டாக்டர் என்ன செய்கிறார்? தையலை நக்காமல் இருக்க கழுத்தில் புனல் மாதிரி ஒரு வளையத்தை மாட்டி அனுப்புகிறார்!

நக்கியதால் கை கால் போச்சு

நாய் வாயில் கேப்னோசைட்டோபாகா கேனிமார்சஸ் என்று ஒரு கிருமி உண்டு. பெயர் வாயில் நுழையாது. கேனிமார்சஸ் என்றால் லத்தீன் மொழியில் நாய்க்கடி என்று பொருள். நாய்க்கு இது ஒரு தொந்தரவும் செய்யாது.

2018-ம் ஆண்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் ரத்தம் கட்டியது போல் திட்டுத் திட்டாகத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் சோதித்தால் ரத்தத்தில் இந்தக் கிருமி. நாய் நக்கியதில் உடம்புக்குள் போயிருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ரத்த ஓட்டம் நின்றுபோனதால் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் வெட்டி எடுத்துத்தான் அவர் உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

இப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். நாயோடு வாழும் கோடிக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள், மிதமிஞ்சிக் குடிப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர்தான் அதிகமாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆனால் நம் ஊரில் இதைவிடப் பெரிய எமன் ஒன்று நாய் எச்சிலில் காத்திருக்கிறது.

வெறிநோய்

வெறிநாய் கடித்தால் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே ஏறிவிடும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். அதற்குள் காயம் ஆறி, கடித்ததே மறந்துபோயிருக்கும்.

மூளையைப் பிடித்த கிருமி அடுத்துப் போகும் இடம் எச்சில் சுரப்பி. ஒரு பக்கம் மூளையில் வெறி ஏறிக் கடிக்கச் சொல்கிறது. மறுபக்கம் எச்சிலில் கிருமி நிறைகிறது. தொண்டை இழுத்துப் பிடிப்பதால் அந்த எச்சிலை விழுங்கவும் முடியாது. தண்ணீரைக் கண்டாலே பயம்.

இந்தக் கட்டம் வந்துவிட்டால் மருந்து கிடையாது. பிழைத்தவர்களை உலகம் முழுவதும் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்றும் அது சொல்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். நாய்க்கு வெறி பிடித்தது வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னதாகவே கிருமி எச்சிலுக்கு வந்துவிடும். வாலை ஆட்டிக்கொண்டு நக்குகிற நாயின் வாயிலும் அது இருக்கலாம். "குட்டிதானே, பல்லே முளைக்கலே" என்பதும் சரியில்லை. குட்டிக்கும் வெறி வரும்.

மூன்றாம் ரகம்

டாக்டர்கள் இதை மூன்று ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நாயைத் தொட்டாலோ, காயம் இல்லாத தோலில் நாய் நக்கினாலோ முதல் ரகம். வெறிநோய் பயம் இல்லை, கையைக் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசான பல் தடம் என்றால் இரண்டாம் ரகம். உடனே தடுப்பு ஊசி போட வேண்டும்.

ரத்தம் வரும் கடி மூன்றாம் ரகம். ஊசியோடு காயத்தைச் சுற்றி வேறு ஒரு மருந்தும் செலுத்த வேண்டும்.

காயத்தில் நாய் நக்கினால் எந்த ரகம் தெரியுமா? அதுவும் மூன்றாம் ரகம்தான்! கண்ணிலோ வாய்க்குள்ளோ எச்சில் பட்டாலும் அதே ரகம்தான். நாய்க்கு முத்தம் கொடுப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

நக்கி மட்டும் நோய் வந்தவர்கள் மிகக் குறைவு என்பது உண்மையே. அதற்காக டாக்டர்கள் விட்டுவிடவில்லை. வந்தால் போன உயிர் திரும்பாது.

குன்னூரும் 14 ஊசியும்

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி ஜோசப் மேய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு பாஸ்டர் முதல் தடவையாக ஊசி மருந்து கொடுத்தார். வெறிநாய் கடித்துக் குதறிய பையன் அவன். 13 தடவை மருந்து ஏற்றியதும் பிழைத்தான்.

இந்தியாவில் 1900-ல் வடக்கே கசௌலியில் இதற்கான ஆஸ்பத்திரி வந்தது. தெற்கே இருப்பவர்களுக்குக் கடித்தால்? ரெயில் ஏறிப் பல நாள் போக வேண்டும். 1902-ல் ஓர் ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்ததும் தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் கொடுத்த நன்கொடையில் 1907-ல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நீலகிரி போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையில் இருந்து ஊசி மருந்து தயாரித்தார். அதுதான் ஊர் அறிந்த, தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசி! அந்த வலிக்குப் பயந்தே பலர் நாய் கடித்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்தார்கள். அந்த மருந்து 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் நின்றுபோனது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் "வயித்துல 14 போடுவாங்க" என்ற பயம் மட்டும் போகவில்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் ஊசி 4 தவணை. முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். காசு கிடையாது.

முதல் கால் மணி நேரம்

ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு, காயத்தில் சோப்புப் போட்டு, 15 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமிக்கு சோப்பு ஆகாது. குளியல் சோப்போ, துணி சோப்போ, கையில் கிடைப்பது போதும். 15 நிமிஷம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும்.

மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. மந்திரிக்கப் போய் ஒரு நாளைத் தொலைக்கக் கூடாது.

நக்கியது வீட்டு நாய் என்றால், அதற்கு ஆண்டுதோறும் ஊசி போட்ட சீட்டையும் டாக்டரிடம் காட்டலாம். நாயை அடித்துக் கொல்ல வேண்டாம், விரட்டவும் வேண்டாம். 10 நாள் கண்காணிக்க வேண்டும். அந்த 10 நாளும் நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர் சொல்வார். அதுவரை தவணை தவறக் கூடாது.

ஊசி போட்டால் கறி, மீன் சாப்பிடக் கூடாது என்று சொல்வதும் பழைய பேச்சுதான். தாராளமாகச் சாப்பிடலாம்.