எந்தப் பக்கம் எவரெஸ்ட்?

குட்டீஸ்! பஸ்சில் ஏறினாலும் சரி, ரயிலில் ஏறினாலும் சரி, நமக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும். அதற்காக அண்ணன், தங்கையோடு சண்டைகூடப் போடுவோம். விமானத்திலும் அப்படித்தான். ஆனால், அங்கே ஜன்னல் ஓரம் கிடைத்தால் மட்டும் போதாது. எந்தப் பக்க ஜன்னல் என்பதும் முக்கியம். பக்கம் மாறி உட்கார்ந்தால், எவரெஸ்ட் சிகரத்தையே கோட்டை விட்டு விடுவோம்!

எப்படி என்கிறீர்களா? டில்லியில் இருந்து மேற்கு வங்கத்தில் உள்ள பாக்டோக்ராவுக்குப் பறப்பதாக வைத்துக்கொள்வோம். டார்ஜிலிங் போகிறவர்கள் இறங்கும் விமான நிலையம் இது. பயண நேரம், சுமார் 2 மணி.

அட்லசைத் திறந்து, டில்லிக்கும் பாக்டோக்ராவுக்கும் நடுவே ஸ்கேலை வையுங்கள். விமானம் கிழக்கு நோக்கிப் போகிறது. இமயமலையோ ஸ்கேலுக்கு மேலே, அதாவது வடக்கே இருக்கிறது. இப்போது கிழக்கே பார்த்து நில்லுங்கள். வடக்கு எந்தப் பக்கம்? இடது கைப் பக்கம்! அப்படியானால், இடது பக்க ஜன்னல்தான் வேண்டும்.

ஒரு வரிசைக்கு ஆறு இருக்கைகள் உள்ள விமானத்தில், இடது ஜன்னல் 'ஏ', வலது ஜன்னல் 'எஃப்'. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். மலையைப் பார்க்க 'எஃப்' இருக்கையைக் கேட்க வேண்டும்.

என்னென்ன தெரியும்?

வானம் தெளிவாக இருந்தால் தவளகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091 மீட்டர்), எவரெஸ்ட் (8,848.86 மீட்டர்), காஞ்சன்ஜங்கா (8,586 மீட்டர்) என ஒவ்வொன்றாக வரும். விமானம் பறப்பது 10,000 மீட்டருக்கும் மேலே. சிகரங்கள் 100 கி.மீ.,க்கும் அப்பால் இருக்கும். எனவே, கீழே குனிந்து தேடாதீர்கள். நேராகப் பாருங்கள், கிட்டத்தட்ட உங்கள் கண் மட்டத்திலேயே தெரியும்!

பலர் அதை மேகம் என்று நினைத்து ஏமாந்து விடுவார்கள். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மேகம் கலையும், உருவம் மாறும். மலையின் கூர்மையான முனை அப்படியே இருக்கும்.

இதையும் கவனியுங்கள்!

* நடு வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கை மறைக்கும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் என்றால், இன்ஜினின் வெப்பக்காற்றால் காட்சி கலங்கித் தெரியும். இறக்கைக்கு முன் வரிசைகளே நல்லது.

* வெயில் அடிக்கும் பக்கம் கண் கூசும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்கே உள்ள மலைகள் மீது வெளிச்சம் பளிச்சென்று விழும்.

* சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பரிசும் கிடைக்கலாம். கீழே மேகம் இருந்தால், விமானத்தின் நிழலும், அதைச் சுற்றி வட்ட வானவில் போன்ற ஒளி வளையமும் தெரியும்.

* மழைக்காலத்தில் மேகம் மூடிவிடும். மழை ஓய்ந்த பின், அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று தெளிவாக இருக்கும்.

* ஜன்னல் கண்ணாடியின் அடியில் குட்டியாக ஒரு ஓட்டை இருக்கும். பயப்படாதீர்கள்! ஜன்னலில் பல அடுக்குகள் உண்டு; வெளி அடுக்கில் ஓட்டை இல்லை. அடுக்குகளுக்கு நடுவே காற்றழுத்தத்தைச் சமன் செய்யவே அந்தத் துளை. கண்ணாடியில் பனி படராமலும் அது பார்த்துக்கொள்கிறது.

எந்த ஊருக்குப் போனாலும் இதே கணக்குதான். அட்லசில் திசையைப் பாருங்கள். மலையோ, கடலோ எந்தக் கைப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே அப்பா, அம்மாவிடம் சொல்லி விடுங்கள்.

சரி, வீட்டில் இரண்டு பேர் இருந்தால்? போகும்போது தங்கைக்கு 'ஏ'. திரும்பும்போது உங்களுக்கு 'எஃப்'. எவரெஸ்ட் இருவருக்கும் உண்டு. சண்டைக்கு வேலையே இல்லை!