நாய்க்கு வாயுத் தொல்லையா? பூண்டு ரசம் வேண்டவே வேண்டாம்!

ஹாலில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது குப்பென்று ஒரு நாற்றம். ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கடைசியில் எல்லோர் பார்வையும் சோபாவுக்கு அடியில் படுத்திருக்கும் நாயின் மேல் போய் நிற்கும்.

எப்போதாவது வாயு பிரிவது நாய்க்கும் இயல்புதான். தினமும் நாற்றம், வயிற்றில் கடமுட சத்தம் என்றால் அது சாப்பிடும் தட்டைக் கவனிக்க வேண்டும்.

ஏன் வருகிறது?

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி, மண்டகப்பட்டு போன்ற ஊர்களானாலும் சென்னை அப்பார்ட்மென்ட்டானாலும், நம் வீட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் மிச்சம் மீதிதான் சாப்பாடு. சாம்பார் சாதம், பால் சோறு, சுண்டல், முட்டைக்கோஸ் பொரியல் என எல்லாம் தட்டுக்குப் போகும்.

பருப்பிலும் பயறிலும் உள்ள சிலவகைச் சர்க்கரைகளை நாயின் குடல் செரிக்காது. அவை பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைக்கின்றன. வாயு உண்டாகிறது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. அவசர அவசரமாக விழுங்கும் நாய், சாப்பாட்டோடு காற்றையும் சேர்த்தே விழுங்குகிறது.

கைவைத்தியத்தில் கவனம்

நமக்கு வாயு என்றால் பூண்டு ரசம். அதையே பாசத்தோடு நாய்க்கும் ஊற்றிவிடுகிறோம். இதுதான் ஆபத்து. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, ரத்தசோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஈறு வெளுப்பது, சோர்வு, சிறுநீர் பழுப்பாகப் போவது போன்ற அறிகுறிகள் சில நாள் கழித்தும் வரலாம். சின்ன வெங்காயம் போட்ட சாம்பாருக்கும் இது பொருந்தும். நாம் போடும் மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

என்ன கொடுக்கலாம்?

* குழைய வேகவைத்த சோறு, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த, எலும்பு நீக்கிய கோழிக்கறி, கொஞ்சம் மஞ்சள் பூசணி. வயிறு சரியில்லாத ஓரிரு நாளுக்கு இது போதும். தினமும் வீட்டுச் சாப்பாடுதான் என்றால், சத்துக் குறையாமல் இருக்க கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.
* பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரில் லாக்டோஸ் குறைவு. ஒத்துக்கொண்டால் ஒரு ஸ்பூன் கொடுக்கலாம்.
* பருப்பு, பயறு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.
* நிலக்கடலை விளையும் ஊர்க்காரர்கள் கவனிக்க: பூஞ்சை பிடித்த கடலை, புண்ணாக்கு இரண்டும் நாய்க்கு எட்டக் கூடாது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும்.
* உணவை மாற்றுவதென்றால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாள்களில் மாற்றுங்கள்.

எப்படிக் கொடுப்பது?

ஒரே வேளையில் கொட்டாமல் 2 அல்லது 3 வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அகலமான தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் மெதுவாகச் சாப்பிடும். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி இடத்தில் வையுங்கள். போட்டி போட்டு விழுங்காது. சாப்பிட்டவுடன் ஓடவிடாதீர்கள். மற்ற நேரத்தில் தினமும் நடக்கக் கூட்டிப்போனால் குடல் நன்றாக இயங்கும்.

இது அவசரம்!

வயிறு திடீரென்று உப்பி இறுகுவது, வாந்தி வருவதுபோல் குமட்டியும் ஒன்றும் வராதது, எச்சில் ஒழுகுவது, நிலைகொள்ளாமல் தவிப்பது... இவை தெரிந்தால் சாதாரண வாயு என்று காத்திருக்காதீர்கள். இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போல உடல் பெருத்து மார்புக்கூடு ஆழமாக உள்ள நாய்களுக்கு இது அதிகம் வரும். நம்ம ராஜபாளையம் நாய்க்கும் அதே உடல்வாகுதான். இரவானாலும் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வாயுவோடு வயிற்றுப்போக்கு, எடை குறைவது, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது இவையும் சேர்ந்தால் குடற்புழுவோ வேறு நோயோ காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது, ஒரு வாரமாக நாய் என்னென்ன சாப்பிட்டது என்று போனில் குறித்துக்கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட பிஸ்கெட்டையும் விடாமல் எழுதுங்கள். பாதிக் காரணம் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.