தொண்டர் கையில் லத்தி

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாலிபர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். பட்டப் படிப்பு முடித்தவர். தகப்பனாருக்குக் கொஞ்சம் நன்செய் உண்டு. ஊர்க்காவல் படையில் சேரலாமா, சேர்ந்தால் அது தேச சேவையாகுமா, அல்லது போலீஸாரின் ஏவலாளாக முடிய நேருமா என்பது அவருடைய கேள்வி. சாத்தான்குளத்துச் சம்பவத்தைச் சொல்லித் தாயார் தடுக்கிறாராம். “ஐயா, தாங்கள் சட்டம் படித்தவர்கள், தாங்களே சொல்லுங்கள்” என்றார். அவருக்குச் சொன்னது அவர் போன்ற பிறருக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

சித்திரை மாதத்தில் அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலையில் ஆற்றங்கரையில் நின்றவர்களுக்குத் தொண்டர்களின் அவசியத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. 2022-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி அந்நெரிசலில் சிக்கி இருவர் உயிர் நீத்தனர். லட்சக்கணக்கில் திரளும் ஜனங்களைச் சம்பளப் போலீஸாரைக் கொண்டு மட்டும் ஒழுங்கு செய்வது எந்த சர்க்காராலும் ஆகாத காரியம். கயிறு பிடித்து வழி விடவும், கை தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்ப்பிக்கவும், மயங்கி விழுந்த மூதாட்டியைத் தூக்கிச் செல்லவும் ஆட்கள் வேண்டும். ஆகவே பொது ஜனங்கள் போலீஸாருக்கு உதவவே கூடாது என்பாரோடு நாம் உடன்படோம். நாம் கேட்பது வேறு. உதவ வந்தவர் கையில் லத்தியைக் கொடுக்கும்போது, அந்த லத்திக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

நமது சமவெளிக் கிராமங்களுக்கு இது புதிய கேள்வியன்று. மதுரையைச் சுற்றிய ஊர்களில் முற்காலத்தில் காவற்காரருக்கு அறுவடையில் ஒரு பங்கு இருந்தது. களவு போயிற்றென்றால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டியிருந்தது, இல்லையேல் நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டியிருந்தது. அம்முறை பின்னாளில் கெட்டது. மாட்டைப் பறிகொடுத்தவனே துப்புக் கூலியும் கொடுத்து அதை மீட்கும் அவலம் நேர்ந்தது. அதை நாம் மறைக்க வரவில்லை. ஆயினும் அதன் மூலத்தில் ஒரு நியாயம் இருந்தது. காவல் உரிமை பெற்றவன் காவல் தவறினால் தன் மடியிலிருந்து பதில் சொன்னான்.

கம்பெனி ஆட்சியில் அந்தப் பொறுப்புப் போயிற்று. அதிகாரம் மட்டும் மிஞ்சிற்று. வரி தண்டும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரமும் இருந்தது. அவர் கட்டளையிட, சொற்பக் கூலி வாங்கும் சேவகன் குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தான். அண்ணாந்தாள் பூட்டித் தலையும் காலும் பிணையக் குனிய வைத்து வெயிலில் நிறுத்தினான். சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் 1855-ம் வருஷத்து அறிக்கையில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. அதன் பிறகே 1859-ம் வருஷத்துப் போலீஸ் சட்டம் வந்து, வரி வசூலிப்போரையும் போலீஸாரையும் பிரித்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1993-ல் ராமநாதபுரம் ஜில்லாப் போலீஸ் சூப்பரிண்டெண்டாக இருந்த ஸ்ரீ பிரதீப் வி. பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஸ்டேஷன் வாசலை மிதிக்க அஞ்சும் ஜனங்களுக்கும் போலீஸாருக்கும் இடையே பாலம் அமைப்பதே நோக்கம். நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. இயக்கம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. ஆனால் அது சர்க்காரின் உத்தரவில் நின்றதேயன்றிச் சட்டசபை இயற்றிய சட்டத்தில் நிற்கவில்லை.

2020-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி, ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் வியாபாரியான தந்தையையும் அவர் மகனையும் போலீஸார் பிடித்துச் சென்றனர். நான்கு நாட்களுக்குள் இருவரும் மாண்டனர். ‘போலீஸ் நண்பர்கள்’ சிலரும் அன்றிரவு ஸ்டேஷனில் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலை மாதத்தில் சர்க்கார் இயக்கத்தையே தடை செய்தது. மதுரையிலுள்ள ஹைக்கோர்ட்டுக் கிளை விவகாரத்தைத் தானாகவே கையிலெடுத்து, அந்த ஸ்டேஷனை ரெவின்யூ அதிகாரிகளின் பொறுப்பில் ஒப்படைக்கச் செய்தது. 1859-ல் எவரிடமிருந்து போலீஸ் அதிகாரம் பறிக்கப்பட்டதோ, அவர்களைக் கொண்டே 2020-ல் ஒரு ஸ்டேஷனுக்குக் காவல் போட நேர்ந்தது!

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மத்தியப் புலனாய்வு இலாகா குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது சம்பளம் வாங்கிய போலீஸார் ஒன்பது பேர் மீது. தொண்டர்களைக் கலைத்துவிட்டதாலேயே ஸ்டேஷன் திருந்திவிட்டதென்று எண்ணினால் அது பெரும் பிசகு. எனினும் நியமனமும் சட்டமும் உடைய போலீஸாரே இப்படி நடக்கும் இடத்தில், இரண்டும் இல்லாதவரை இரவு வேளையில் உட்கார வைப்பது அறியாமை என்று சொல்லவும் நமக்குத் தயக்கமில்லை.

சத்தீஸ்கரில் நடந்தது இதனினும் கொடிது. ஐந்தாம் வகுப்புப் படித்த ஆதிவாசி வாலிபர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுத்து, விசேஷப் போலீஸ் அதிகாரிகள் என்று பெயரும் சூட்டி, துப்பாக்கியோடு மாவோயிஸ்டுகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். 2011-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அது அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தீர்ப்பளித்தது. மலிவான போலீஸ் வேண்டுமென்ற ஆசை சர்க்காரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊர்க்காவல் படையின் நிலை வேறு. 1946 டிசம்பரில் பம்பாயில் கலகம் மூண்ட காலத்தில் பிறந்தது அது. இங்கே 1963-ம் வருஷத்துச் சட்டத்தின்படி நடக்கிறது. பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் அதன் உறுப்பினருக்குப் போலீஸ்காரருக்குள்ள அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. பொது ஊழியருக்குரிய பொறுப்பும் உண்டு. வரம்பு மீறினால் ‘நான் வெறும் தொண்டன்’ என்று தப்ப இயலாது. இதையே நாம் அதன் சிறப்பாகக் கருதுகிறோம். குறையும் உண்டு. இவர்களுடைய படி மாதம் முழுதும் பணி செய்தால் போலீஸ்காரரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஒத்திருக்க வேண்டுமென்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. சேவை என்ற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைப்பது சர்க்காருக்கு அழகன்று.

1930-ல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தவர்களையும் தொண்டர்கள் என்றே அழைத்தோம். அவர்கள் லத்தி ஏந்தியவர்களல்லர், லத்தியைத் தாங்கியவர்கள்.

வந்த வாலிபரிடம் சேருங்கள் என்றே சொன்னோம். நியமன உத்தரவு கையில் வராமல் ஸ்டேஷனுக்குள் காலெடுத்து வைக்க வேண்டாம். பெயர் வில்லை இல்லாமல் பணிக்குச் செல்ல வேண்டாம். பிடித்து வந்தவரை அடிக்கும்போது கையைப் பிடித்துக்கொள் என்று எந்த அதிகாரி சொன்னாலும் மறுத்துவிட்டு, அன்றே எழுத்து மூலம் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றோம். “மறுத்தால் மறுநாள் பணிக்குக் கூப்பிட மாட்டார்களே, ஐயா?” என்று கேட்டார். கூப்பிட மாட்டார்கள் என்பது உண்மைதான் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கைது செய்வோர் பெயர் வில்லை அணிய வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1996-ம் வருஷத்து டி. கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விதித்தவற்றைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். தாயாருக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். எழுதிக் கொடுத்தனுப்பினோம்.