பழத்தோலில் எரிபொருள்: வியாபாரிக்குக் கட்டுபடியாகுமா?

பழ மண்டியிலும் ஜூஸ் கடையிலும் வியாபாரம் முடிந்ததும் மிஞ்சுவது தோல்தான். சாத்துக்குடித் தோல், அன்னாசித் தோல், அழுகிய வாழை என்று கூடை கூடையாக வெளியே போகிறது. அதை அள்ளிப் போகும் ஆள் கூலியும் வண்டி வாடகையும் நம் கைக்காசு. இந்தக் கழிவிலிருந்து எத்தனால் எனப்படும் எரிசாராயம் எடுத்துப் பெட்ரோலில் கலக்கலாம் என்று கேள்விப்பட்டு, "நாமே செய்தால் என்ன?" என்று கேட்கும் வணிகர்கள் உண்டு. முதல் போடுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்து எரிசாராயமாக மாற்றுகிறது. ஆனால் தோலில் நார்தான் அதிகம். அதை ஈஸ்ட் தொடாது. அமிலமோ என்சைமோ கொண்டு நாரைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் என்ற எண்ணெய் ஈஸ்ட்டை வேலை செய்ய விடாது. முதலில் நீராவி கொண்டு அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இனி வரவைப் பாருங்கள். 100 கிலோ ஈரமான வாழைத்தோலில் 85 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். உலர் எடை 12 கிலோ என்று வைத்து, அதில் பாதி சர்க்கரையானாலும் 6 கிலோ. அதில் கிடைக்கக்கூடிய எரிசாராயம் ஏறத்தாழ 3 கிலோ, அதாவது நாலு லிட்டருக்கும் குறைவு. நடைமுறையில் இன்னும் குறையும். சாதாரண முறையில் காய்ச்சி வடித்தால் 95 சதவீதம் வரைதான் சுத்தம் வரும். பெட்ரோலில் கலக்க, மிச்சத் தண்ணீரையும் நீக்கத் தனி இயந்திரம் வேண்டும். விறகுச் செலவு வேறு.

இதைவிட முக்கியமானது சட்டம். உரிமமின்றிச் சாராயம் காய்ச்சுவது, வண்டிக்கே என்றாலும், 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடையின் பின்கட்டில் சோதனை செய்து பார்க்க யாரும் இறங்க வேண்டாம்.

நம் நாட்டில் 2003-ல் தொடங்கிய எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. அதுவும் பெரும்பாலும் கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றைக் கொண்டு பெரிய ஆலைகளில் தயாரானதே.

அப்படியானால் தோலுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. சாண எரிவாயு போலவே பழக்கழிவிலிருந்தும் எரிவாயு எடுக்கலாம். இதற்கு ஈரம் குறையல்ல. காய்ச்சி வடிக்கும் வேலையும் இல்லை. சாத்துக்குடித் தோலை மட்டும் அளவோடு சேர்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் எரிவாயு நிலையம் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே குப்பை கிளம்பும் இடத்திலேயே தரம் பிரிக்கப்படுவதுதான் அதற்குப் பலம்.

நம் சந்தைகளில் தடையாக இருப்பது இந்தப் பிரிப்புதான். தோலோடு பாலித்தீன் பை, சணல், தெர்மாகோல் எல்லாம் ஒரே கூடையில் விழுந்தால் எந்த நிலையமும் அதை வாங்காது. எனவே கடைக்கு இரண்டு கூடை வையுங்கள். ஒரே சந்தையிலுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து, நாளொன்றுக்கு எத்தனை கிலோ ஈரக்கழிவு வருகிறது என்று ஒரு மாதம் எடை போட்டுக் குறித்து வையுங்கள். சந்தைக்குப் பொதுவாக ஓர் எரிவாயுக் கலன் கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகும்போது, அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.